பொன்னாடை போர்த்த வேண்டியவர்கள்

மதுரையில் பாராட்டு விழாவுக்குப் பஞ்சமே கிடையாது. வட்டச் செயலாளருக்குப் பிறந்த நாள் என்றால் விழா. அவர் மச்சான் புது புல்லட் வாங்கினாலும் மூலைக்கு மூலை ஃபிளெக்ஸ். இப்படிப்பட்ட ஊரில், 2020-ஆம் ஆண்டு என் மேல் அவ்வளவு அக்கறை காட்டியவர்களுக்கு இதுவரை ஒரு துண்டுகூட யாரும் போர்த்தவில்லை என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். நன்றி கெட்டவன் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது. எனக்கு ஏற்கெனவே இருக்கிற பெயர்களே போதும்.

அந்தப் பெயர்கள் வந்த கதை சின்னதுதான். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். சாயங்காலமானால் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுகிறவன். மன்றத்தில் ஆரம்பித்தது செல்போனுக்கு வந்தது. சொசைட்டிக் கடன், கைமாற்று, மைத்துனரின் வண்டி ஆர்.சி. புத்தகம் என்று வரிசையாகப் போனதும், 2019 தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டம்மாவும் மைத்துனரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சீட்டால் கெட்டவனுக்கு அங்கே முதலில் கையில் கொடுத்ததும் ஒரு சீட்டுதான். ஓ.பி. சீட்டு.

மாத்திரையைவிட அவர்கள் அதிகம் நம்பியது சில ஏற்பாடுகளை. ஸ்மார்ட்போனை வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டன் போன் வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் அவள் கணக்குக்குப் போக வேண்டும்; எனக்குத் தினம் 50 ரூபாய், பஸ்ஸுக்கும் டீக்கும். இரவில் தனியாகக் கண்விழித்திருக்கக் கூடாது. வேலை முடிந்து மன்றம் இல்லாத தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும்; சுற்றுத்தான், நடந்தால் உடம்புக்கு நல்லது. வியாழக்கிழமைதோறும் ஆறு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் வீட்டில் சொன்ன பொய்களை ஒப்பிக்க வேண்டும். சிவகங்கையிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர் ஒருவர் தன் பொய்களைத் தேதிவாரியாக நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். பழக்க தோஷம்.

"ஆடணும்னு தோணுறது தப்பில்ல சார்" என்பார் கவுன்சலிங் மேடம். "தோணுறதுக்கும் ஆடுறதுக்கும் நடுவுல எத்தனை கதவு இருக்குன்னு பாருங்க. நாம இங்க கதவுதான் செஞ்சுக்கிட்டிருக்கோம்." மார்ச் மாதத்துக்குள் ஐந்து கதவு செய்து மாட்டியாகிவிட்டது. ஐந்து மாதம் நான் ஒரு சீட்டைத் தொடவில்லை.

அப்போதுதான் உதவிக்கு நாடே திரண்டு வந்தது.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 21 நாள் யாரும் வாசல் தாண்ட வேண்டாம் என்றார். மன்றம் மூடிக் கிடந்தது. நான் கால் வலிக்கச் சுற்றிவந்து தவிர்த்த இடத்தை ஒரே ராத்திரியில் இழுத்துப் பூட்டிய ஊரடங்குக்கு முதல் பொன்னாடை. வீட்டம்மா அன்று சாமி படத்துக்கு ஒரு சூடம் கூடுதலாகக் காட்டினாள். போலீசாரின் கண்ணுக்கும் ஒரு பொன்னாடை. திருப்பூரில் வெட்டவெளியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களை டிரோன் விட்டுத் துரத்திய வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஓட இடமில்லாமல் கேரம் போர்டையே கவிழ்த்துப் பிடித்து அதன் அடியில் ஒளிந்தார்கள். கேரம் ஆடுகிறவர்களைக்கூட ஆகாயத்திலிருந்து கண்டுபிடித்துத் திருத்துகிற காலத்தில், என் பாய்க்கு மேல் மட்டும் டிரோன் பறக்கவில்லையே என்று குறைப்பட மாட்டேன். ஃபேன் இடிக்கும்.

ஆஸ்பத்திரிக்கும் தனியாக ஒரு ஆடை. எங்கள் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு அந்த வார்டைக் காய்ச்சல் வார்டாக்கினார்கள். அது தேவைதான், மூச்சுக்குத் திணறுகிறவனைவிட ரம்மிக்குத் திணறுகிறவன் முக்கியமா? கூட்டம் கூடக் கூடாது என்பது விதி. எங்கள் வைத்தியமே கூட்டம் கூடுவது. சிவகங்கை ஆபீசர் இ-பாஸுக்கு மனுப் போட்டுப் பார்த்தார். கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் என்று காரணங்கள் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை உண்மை பேசப் போக வேண்டும் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அப்புறம் ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பரீட்சை எழுதாமலே பாஸ் என்று அறிவித்தார்களே, அதற்கு முன்பே எங்களுக்கு ஆல் பாஸ் போட்டுவிட்டார்கள்.

ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றே மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எத்தனையோ சர்க்கரைக்காரர்கள் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசி மாத்திரை வாங்கினார்கள். என் விஷயத்தில் அதன் கருணை இன்னும் ஆழமாக இறங்கியது. போனைத் தொடாதே என்பதுதான் என் மருந்து. அந்த மருந்து இனிமேல் போனில் வரும் என்றார்கள். வீடியோவில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதால் பீரோவுக்குள் இருந்த ஸ்மார்ட்போன் வெளியே வந்தது. ஜூனில் எட்டாம் வகுப்பு மகளுக்கு ஆன்லைன் பாடம். கரண்ட் பில், சிலிண்டர், பேங்க் வேலை எல்லாம் அதிலேயே. பழைய நம்பர் என்னுடையது என்பதால் ஓ.டி.பி. எனக்கு வரும், பின் நம்பரும் எனக்குத்தான் தெரியும். ஐந்தில் எத்தனை கதவு கழன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு நல்ல காரியத்துக்காகக் கழன்றது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மேடம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுவார். எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். மனைவி, மகள், மாமியார் என்று மூன்று ஜோடிக் காதுகளுக்கு நடுவில் உட்கார்ந்து "ஆடணும்போல இருக்கு மேடம்" என்று எந்த ஆம்பளை சொல்வான்? "நல்லா இருக்கேன் மேடம்." "தூக்கம்?" "நல்லா வருது மேடம்." பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மாதம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட உண்மை பேசும் பாரத்தை அந்த அழைப்புகள் என் தோளிலிருந்து மெல்ல இறக்கிவைத்தன.

மே 4, மீனாட்சி திருக்கல்யாணம். பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது. நேரலையில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் கள்ளழகர்கூட வைகையில் இறங்கவில்லை. டி.வி.யில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்ததால் வீட்டம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்து, முன்னால் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, மஞ்சள் கயிற்றைத் தாம்பாளத்தில் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அம்மனுக்குத் தாலி ஏறுகிற நேரம் தானும் கயிறு மாற்ற வேண்டும். கெட்டிமேளம் முழங்கியது. அந்த வினாடி திரையின் நெற்றியில் ஒரு பட்டை இறங்கியது: உங்கள் 2000 ரூபாய் வரவேற்பு போனஸ் இன்று இரவோடு முடிகிறது. அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் மூடவில்லை.

அழகரே ஆற்றில் இறங்காத வருஷத்தில் வீதியுலாவை விடாமல் நடத்திய தெய்வம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வீடு, கைக்குக் கை, வாகனம்கூடக் கேட்காமல்.

தருமரைச் சூதுக்கு அழைக்க ஒரு மண்டபம் கட்டவும் விதுரரைத் தூது அனுப்பவும் வேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றையும் இழந்ததை ஊர் பேசும். இழந்ததெல்லாம் திரும்பக் கையில் வந்தபின், ஊர் போய்ச் சேரும் முன்பே மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி வந்து உட்கார்ந்தார் என்பதை அதிகம் பேசுவதில்லை. காட்டுக்கு அனுப்பியது அந்த இரண்டாம் ஆட்டம். என்னுடைய இரண்டாம் ஆட்டம் அன்று ராத்திரி 12.20-க்கு, பாயில் படுத்தபடி, சத்தத்தை அணைத்துவிட்டு.

மன்றத்தில் ஆடும்போது ஒரு கை முடிய நேரமாகும். கலைக்க வேண்டும், போட வேண்டும், எவனாவது டீ சொல்வான், எவனாவது பெண்டாட்டி வந்திருக்கிறாள் என்று எழுந்து போவான். அந்த இடைஞ்சல் எதுவும் இதில் இல்லை. இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆட்டம் முடிந்து அடுத்த மேசை தயாராக இருக்கும். ஆடாமலே விலகினால் ஸ்கூட், 20 பாயின்ட்; நடுவில் விலகினால் மிடில் ஸ்கூட், 40; மாட்டிக்கொண்டால் ஃபுல், 80. கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். கணக்கு எழுதியே பிழைக்கிற எனக்கு எவ்வளவு பெரிய ஓய்வு! ஜூலையில் ஒரு மத்தியானம், கையில் ஒரிஜினல் ரம்மி சேர்ந்து, ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும்போது மேடத்தின் அழைப்பு வந்து திரையை மறைத்தது. ஆடுவதற்கு இன்னும் சில நொடிதான் பாக்கி. சிவப்பு வட்டத்தை அழுத்தினேன். என் வாழ்க்கையிலேயே மிக மோசமான ஸ்கூட் அதுதான்.

பணத்துக்கு எங்கே போனாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதில்லை, தேடி வந்தது. மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்குத் தவணை கட்ட வேண்டாம் என்று சலுகை அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வீட்டுக்கடன் தவணை அப்படியே கணக்கில் தங்கியது. மறுநாளே பி.எஃப்.-இலிருந்து மூன்று மாதச் சம்பள அளவுக்கோ இருப்பில் 75 சதவீதமோ, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்றார்கள். கடை மூடிப் பாதிச் சம்பளத்தில் இருந்தவர்களுக்கு அது அரிசி, பருப்பு. எனக்கு அது 201 பாயின்ட் பூல் ரம்மி. ஆகஸ்ட் 6-ஆம் தேதி வந்த அறிவிப்பு எல்லாவற்றுக்கும் சிகரம்: வங்கிகளில் நகைக்கு அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கிடைத்துவந்த கடன் இனி 90 சதவீதம் வரை கிடைக்கும். மதிப்பீட்டாளர் வளையலை உரசிப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க சார்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக என்னிடம் பேசி அந்த வருஷம் வேறு யாரும் கிடையாது. மகளின் வளையல், தெரியுமல்லவா, சின்னது. 90 சதவீதமானாலும் சின்னதுதான்.

ரம்மிக் கம்பெனிக்கு ஒரு பொன்னாடை போதாது, ஆளுயர மாலையும் வேண்டும். ஆஸ்பத்திரி நம்பர் மணிக்கணக்கில் எங்கேஜ்டு. கம்பெனியின் உதவி எண் 24 மணி நேரமும் எடுக்கும். இரண்டு நாள் ஆடாமல் இருந்தால் மூன்றாம் நாள் விசாரித்து எஸ்.எம்.எஸ். வரும், செலவுக்கு 100 ரூபாயோடு. சிகிச்சையில் தொடர் கண்காணிப்பு என்பார்கள். அதை உயிராக மதித்து நடத்தியவர்கள் அவர்கள் மட்டுமே. செப்டம்பரில் ஐ.பி.எல். அமீரகத்தில் தொடங்கியபோது, கற்பனை அணி கட்டிப் பணம் வைக்கிற நிறுவனம் ஒன்று 222 கோடி ரூபாய் கொடுத்துப் போட்டியின் பெயரோடே தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது. கிரிக்கெட் வீரர்களும் சினிமா நட்சத்திரங்களும் விளம்பரத்தில் வந்து, சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள் என்று பாசத்தோடு அழைத்தார்கள். நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களில் சிலருக்கு நோட்டீஸ் அனுப்பியது என்பது வேறு விஷயம். டிசம்பரில் இருந்து விளம்பரத்தின் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் எச்சரிக்கை போட வேண்டும் என்று விதி வந்தது: பண இழப்பு நேரலாம், அடிமையாக்கலாம், சொந்தப் பொறுப்பில் ஆடுங்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கை நான் வரி விடாமல் படித்தேன். மீதி நான்கு பங்கையும் படித்தேன்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், சூது 94, மருந்து 95. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல்தான் தங்கள் கையேட்டில் சூதாட்டத்தைக் குடியோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தார்கள். ஊரடங்கில் 95 திறந்தே இருந்தது, அத்தியாவசியம். 93-க்காக நாடே கவலைப்பட்டது: குடிக்காமல் கை நடுங்குகிறவர்களுக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மது கொடுக்கலாம் என்று கேரள அரசு உத்தரவிட்டது, நீதிமன்றம் தடுத்தது. இங்கே மே 7-ஆம் தேதி டாஸ்மாக் திறந்தது, மறுநாள் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் வரை போய் மே 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. நடுவில் இருந்த 94-ஐ யாரும் மூடவுமில்லை, அதனால் திறக்கவும் வேண்டியிருக்கவில்லை. எங்களுக்குக் கை நடுங்காதே; நடுங்கினால் சீட்டு எடுக்க முடியாது.

சில நாடுகளில் மனசு சிறுத்துவிட்டது. ஸ்பெயின் மார்ச் முடிவதற்குள் சூதாட்ட விளம்பரங்களை ராத்திரி 1 மணிக்குமேல் 5 மணிவரை மட்டும் என்று சுருக்கியது. ஸ்வீடன் ஜூலையிலிருந்து ஆன்லைன் கேசினோவில் வாரத்துக்கு 5000 குரோனாவுக்கு மேல் கட்டக் கூடாது என்றது. லாத்வியா ஆன்லைன் சூதாட்டத்தையே நிறுத்திவைத்தது. வீட்டில் அடைபட்ட மனிதன் பொழுதைப் போக்க விடாத இந்தக் கஞ்சத்தனத்தை என்னவென்பது!

நம் சட்டத்துக்குப் பரந்த மனசு. செகந்திராபாத் க்ளப் ஒன்றின் வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை வீட்டம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எந்த நகை எந்தக் கடையில இருக்குன்னு முதல்ல ஞாபகம் வச்சுக்கங்க" என்றாள். 2003-இல் ஒரே அடியில் லாட்டரியை ஒழித்த மாநிலம், இதை மட்டும் ஆற அமர யோசித்தது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதன் இடத்தில் வந்த சட்டத்தைச் செல்லாது என்றது. 2022-இல் இன்னொரு சட்ட முன்வடிவு. ஆளுநர் சில மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும் ஆனால் ரம்மி திறமை ஆட்டம்தான் என்று தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று விதி போட்டார்கள். நான் பாயில் கண்விழித்துக் கிடந்த அதே நேரத்தை, ஐந்தே வருஷத்தில், நிமிஷம் பிசகாமல் கண்டுபிடித்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. தீயணைப்பு வண்டிக்கும் ஒரு பொன்னாடை எடுத்து வைத்திருக்கிறேன். வீடு எரிந்த இடத்தில் புது வீடு கட்டி முடித்ததும் வந்து தண்ணீர் அடித்தார்கள், சுவருக்கு நல்லது.

எங்கள் வியாழக்கிழமை 2020 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். இடைவெளி விட வேண்டும் என்பதால் வட்டம் அறையைத் தாண்டி வராந்தாவரை போயிருந்தது. ஐந்து பேர் வந்தோம். ஆறாவதாக, சிவகங்கை ஆபீசரின் மகன் வந்து நோட்டை மேடத்திடம் கொடுத்துவிட்டு நின்றார், உட்காரவில்லை. மேடம் முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். செப்டம்பர், அக்டோபர் தேதிகள் எல்லாம் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. எதிரே பொய் எதுவும் எழுதப்படவில்லை.

அன்று என் முறை வந்தபோது மே 4-இலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். முடிய இரண்டு வியாழக்கிழமை ஆயிற்று.

போன வாரம் இந்தப் பாராட்டு விழா யோசனையை வீட்டில் சொன்னேன். வீட்டம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்:

"எத்தனை பேருக்கு?"

"எட்டு, ஒன்பது இருக்கும்."

"ஒரு பொன்னாடை என்ன விலை?"

"புதுமண்டபத்துக்காரங்ககிட்ட கேட்டா 120-க்குத் தருவாங்க. நீ பணத்தைக் குடு, நானே போய்..."

"நீங்க போக வேணாம். லிஸ்ட்டக் குடுங்க, நான் வாங்கிட்டு வர்றேன்."

லிஸ்ட்டை வாங்கி, படித்துப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து அன்றைய காசை எடுத்துக் கொடுத்தாள். விலைவாசி ஏறிவிட்டதால் இப்போது 70 ரூபாய். டீக்கடையில் மீதி வாங்கினால் சாயங்காலம் கணக்குச் சொல்லிவிட வேண்டும்.